புகார்: பிரிண்டர் எரியவில்லை, வரண்டியும் முடியவில்லை

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

பொருள்: லொக் மெசேஜ்களை வாசிக்காமல் வாடிக்கையாளர் தலையில் கட்டுவதும், ரவுட்டர் வரண்டியை மறுத்ததும்

ஐயா / அம்மணி,

திருகோணமலை மத்திய வீதியில் போட்டோகொப்பி, பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் கொம்பியூட்டர், டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், ரவுட்டர் மூன்றையும் உங்களிடம்தான் ஒன்றாக வாங்கினேன். அதற்கு மேல் மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு கண்காணிப்புச் சேவை என்றும் ஒன்று தருகிறீர்கள். கொம்பியூட்டர் தனக்கு நடப்பதைத் தானே எழுதிவைக்கும் பதிவேடான லொக்கில் பிழை ஏதும் பதிவானால் உடனே என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். வருகிறது, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் வந்ததற்கு என்ன பொருள் என்று ஹொட்லைனில் கேட்டால், எந்தப் பிள்ளை எடுத்தாலும் ஒரே பதில்: “அது சும்மா வாறது சேர், கணக்கெடுக்காதீங்க.” கணக்கெடுக்காமல் விட்டதில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

முதலில் தீ. மாரி காலம், நடுச்சாமம். ‘எல்.பி.0 ஆன் ஃபயர்’ என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. எல்.பி.0 என்றால் என் பிரிண்டர் என்று நீங்கள் தந்த கையேட்டிலேயே இருக்கிறது. ஃபயர் என்றால் என்னவென்று போட்டோகொப்பிக் கடைக்காரனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கடை முழுக்கக் காகிதம், சுவருக்கு அந்தப் பக்கம் புடவைக் கடை. மனுசி தீயணைப்புப் பிரிவின் 110ஐ அழுத்தத் தயாராகப் போனும் கையுமாக நிற்க, நான் உவர்மலையிலிருந்து மோட்டார் சைக்கிளை விட்டேன். மழைக்கு ஒதுங்கிய மான்கள் கடை வாசல்களில் படுத்துக் கிடந்தன. என் வாசலில் கிடந்ததை எழுப்பிவிட்டு ஷட்டரைத் தூக்கினால் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. பிரிண்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். தொடர்தாளின் ஓரத்தில் இருக்கும் துளைப்பட்டை கிழிந்து, தாளை இழுக்கும் பல்லில் சுற்றி, ரிபன்வரை ஏறி இறுகிக் கிடந்தது. அன்றைய கணக்கு இரவு இரண்டு மணிக்குத் தானாக அச்சாகட்டும் என்று செட் பண்ணிவிட்டுப் போனவர் உங்கள் ரெக்னீசியன்.

இதுவும் சும்மா வந்த மெசேஜ் இல்லை. என் அக்காவின் மகன் கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறான். அவன் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. என் கொம்பியூட்டரை இயக்கும் மென்பொருளான லினக்ஸ், பிரிண்டரிடம் மூன்று விசயம் பார்க்கும்: தாள் இருக்கிறதா, ஒன்லைனில் இருக்கிறதா, பிழை என்று சிக்னல் வருகிறதா. தாள் இல்லாவிட்டால் தாள் முடிந்தது என்று எழுதும். ஒன்லைனில் இல்லாவிட்டால் ஓஃப்லைன் என்று எழுதும். இரண்டும் சரியாக இருந்தும் பிரிண்டர் பிழை பிழை என்று கத்தினால் என்ன காரணம் என்று அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் புரோகிராம் எழுதியவர்கள் ‘தீப்பிடித்துவிட்டது’ என்று போட்டு வைத்திருக்கிறார்கள். யூ.எஸ்.பி. பிரிண்டருக்கான பகுதியிலும் இதே வாசகம்தானாம். நல்ல பகிடி, எனக்கும் பிடித்திருக்கிறது. கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கும் ஆள் வாசித்துச் சிரிக்க எழுதியது அது. அதை அப்படியே தூக்கி, தூங்குகிற கடைக்காரனுக்கு அனுப்புவதற்கா நான் மாதக் கட்டணம் கட்டுகிறேன்? ‘பிரிண்டரில் தாள் சிக்கியிருக்கலாம், காலையில் பாருங்கள்’ என்று மாற்றி அனுப்ப உங்களுக்கு என்ன செலவு?

அடுத்தது, ‘காரணம் தெரியாத என்.எம்.ஐ. வந்திருக்கிறது. விசித்திரமான மின்சேமிப்பு முறை ஏதும் போட்டிருக்கிறீர்களா? தலை சுற்றுகிறது, குழப்பமாக இருக்கிறது, ஆனாலும் தொடர முயல்கிறேன்’ என்ற பொருளில் ஒன்று. 2022 மார்ச் கடைசியில் நாட்டுக்கே 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்தார்கள். அதைவிட விசித்திரமான மின்சேமிப்பு முறையை நான் எங்கே போய்ப் போடுவது? பகிடி கிடக்கட்டும். என்.எம்.ஐ. என்பது புரொசசர் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைக்க முடியாத குறுக்கீடு. பெரும்பாலும் ஹார்ட்வேரில் எங்கோ கோளாறு என்பதற்கான அடையாளம். மெமரிச் சில்லான ராமை ஒருதரம் கழற்றிச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டேன். ஹொட்லைனில் ஒரு தம்பி இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் மற்றொருவரிடம் கொடுத்தார், கடைசியில் முதல் தம்பியே திரும்ப எடுத்தார். தலை சுற்றியும் தொடர முயல்வது கொம்பியூட்டர் மட்டுமில்லை என்று அன்று தெரிந்தது. சோதிக்க இன்றுவரை யாரும் வரவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு நட்டம் வைத்தது. பாடசாலைகளின் மாதிரி வினாத்தாள் வேலை குவிந்திருந்த நாள். ‘மெமரி முடிந்தது: மைஎஸ்கியூஎல்டியைக் கொல் அல்லது பிள்ளையைப் பலிகொடு’ என்று ஒரு எஸ்.எம்.எஸ். மைஎஸ்கியூஎல்டி என்பது என் கணக்குகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ் புரோகிராம். போன் அப்போது மாமியின் கையில் இருந்தது. ஆங்கிலம் நன்றாக வாசிப்பார், ஓய்வுபெற்ற ஆசிரியை. வாசித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய்விட்டார். அர்ச்சனைச் செலவை உங்களிடம் கேட்கவில்லை. ஒரு புரோகிராம் தொடங்கிவிடும் இன்னொரு புரோகிராமுக்குத்தான் பிள்ளை என்று பெயர் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

நான் கேட்பது வேறு. மெமரி தீர்ந்தால் லினக்ஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் புள்ளி போட்டு, அதிகம் தின்பதைக் கொன்று மற்றதைக் காப்பாற்றும். யார் யார் எவ்வளவு தின்றார்கள் என்ற பட்டியலையும் லொக்கிலேயே எழுதிவைக்கும். அந்தப் பட்டியலை மருமகன் எனக்கு விரல் வைத்துக் காட்டினான். மெமரியில் பெரும்பங்கைத் தின்றிருந்தது என் பில் கணக்கு இல்லை, உங்கள் கண்காணிப்பு புரோகிராம். அப்படியென்றால் அது ஏன் சாகவில்லை? அதன் நேரே, கடைசிக்கு முந்திய நிரலில், -1000 என்று இருந்தது. எதுவந்தாலும் இதைக் கொல்லாதே என்று லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குச் சொல்லும் எண் அது. அதாவது உங்கள் புரோகிராம் தன்னைத் தொடக்கூடாது என்று தானே எழுதிவைத்துவிட்டு, மெமரியை எல்லாம் தின்று, அடுத்த இடத்தில் இருந்த என் டேட்டாபேஸைக் கொல்லக் கொடுத்திருக்கிறது. அப்புறம் எனக்கே அதை எஸ்.எம்.எஸ்.உம் அனுப்பியிருக்கிறது! ஊரில் இதற்கு வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள்.

டேட்டாபேஸ் பாதி எழுத்தில் செத்ததால், கடன் கணக்கு அட்டவணை ‘சிதைந்ததாகக் குறிக்கப்பட்டுள்ளது, பழுதுபார்க்கவும்’ என்று அடுத்த மெசேஜ். பழுதுபார்த்ததில் பாதிதான் திரும்பி வந்தது. எந்தப் பாடசாலை எவ்வளவு தரவேண்டும் என்பதைக் கார்பன் கொப்பிகளைப் பிரித்துவைத்து மீண்டும் எழுதினேன். உங்கள் கணக்கில் தீப்பிடித்து எரிந்த அதே பிரிண்டர் அடித்த கொப்பிகள்தான் அவை.

இன்னொன்றையும் கவனித்தேன். ‘பிள்ளையைப் பலிகொடு’ என்ற வாசகத்தை லினக்ஸ்காரர்கள் 2019இலேயே எடுத்துவிட்டார்கள். என் கொம்பியூட்டர் இன்னும் அதைச் சொல்கிறது என்றால், ஒவ்வொரு வருடமும் ‘சிஸ்டம் அப்டேட்’ என்று நீங்கள் பில்லில் சேர்க்கும் தொகை எதற்கு? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ரவுட்டர் அடிக்கடி ‘மார்ஷியன்’ என்று எழுதுவதை நான் பெரிதுபடுத்தவில்லை. வரக்கூடாத பக்கத்திலிருந்து வரக்கூடாத முகவரியோடு ஒரு பொதி வந்தால் அதற்கு அந்தப் பெயராம். என் கடைப் பையன்தான் சில நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தான்.

ஆனால் அதே ரவுட்டரின் வரண்டி விசயத்தை விடமாட்டேன். கேபிள் செருகும் துளைகள் வேலை செய்யாமல் போனதும் இரண்டு வருட வரண்டிக்குள் மாற்றித் தரும்படி கேட்டேன். ‘உங்கள் வரண்டி 1971 டிசம்பர் 31இல் முடிவடைந்துள்ளது’ என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். கையொப்பத்தோடு. வாசித்துப் பார்த்துத்தான் கையொப்பம் வைத்தாரா அந்த உத்தியோகத்தர்? 1971இல் இந்த நாட்டுக்கு ஆங்கிலத்தில் சிலோன் என்று பெயர். 1972 மே 22இல்தான் குடியரசாகி ஸ்ரீலங்கா ஆனது. குடியரசு பிறக்க முன்பே என் ரவுட்டரின் வரண்டி முடிந்துவிட்டதாம்.

நடந்தது இதுதான். அந்த ரவுட்டருக்குள் நேரத்தைப் பிடித்துவைக்கும் பற்றரி இல்லை. கரண்ட் போய் வந்தால், இணையத்தில் சரியான நேரத்தை எடுக்கும்வரை அது பூச்சியத்திலிருந்து எண்ணும். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸின் வழிவந்த கருவிகளுக்குப் பூச்சியம் என்பது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. நமது நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. ஆகவேதான் லொக்கின் முதல் வரி ‘1970 ஜனவரி 1, 05:30’ என்று தொடங்குகிறது. உங்கள் அலுவலகப் புரோகிராம் அந்த வரியை எடுத்து, பொருத்திய திகதி என்று வைத்து, இரண்டு வருடத்தைக் கூட்டியிருக்கிறது. புரோகிராமுக்கு அவ்வளவுதான் தெரியும், சரி. மனிதருக்குமா தெரியாது? உங்கள் கம்பனி முத்திரை குத்திய பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் உள்ள திகதியைக் கணக்கில் எடுங்கள்.

புது ரவுட்டர் தரவேண்டும். ராமைச் சோதிக்க ஆள் அனுப்பவேண்டும். கண்காணிப்பு புரோகிராமின் -1000ஐ எடுத்துவிட்டு, அது மெமரியைத் தின்பதையும் திருத்தவேண்டும். செய்யாத அப்டேட்டுக்கு வாங்கிய காசைத் திருப்பவேண்டும். மெசேஜ்களை நிறுத்தச் சொல்லவில்லை. கொம்பியூட்டர் தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறது, அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஹொட்லைனில் உட்காரவையுங்கள்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். நீங்கள் 1971 என்று சொன்னால் எனக்கு 1977 என்ற அவர்களின் தொலைபேசி இலக்கம் தெரியும். பதிலை எஸ்.எம்.எஸ்.இல் அனுப்பவேண்டாம். கடிதமாக, திகதியை ஒருதரம் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மத்திய வீதி, திருகோணமலை.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, லொக் அச்சுப் பிரதி (டொட் மேட்ரிக்ஸில் அடித்தது)