வர்க்கத்தை அப்புறம் பார்க்கலாமா?

அன்புள்ள செல்வம்,

பதில் போடத் தாமதம், கோபிக்காதே. அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? மூர்த்தி இன்னும் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லையாமே!

'நிறவெறி அரசு முதலில் விழட்டும், வர்க்கத்தை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் அன்றைக்குத் தென்னாப்பிரிக்காவில் இருந்திருக்கவேண்டும்' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கறுப்பர் நகரத்தில் இருக்க அனுமதிச் சீட்டு கேட்ட பாஸ் சட்டமும், அவர்களுக்கென்று ஒதுக்கிய பாண்டுஸ்தான் பகுதிகளும் சுரங்கத்துக்கும் மில்லுக்கும் மலிவாக ஆள் பிடித்த ஏற்பாடுதானே?

1973 ஜனவரியில் டர்பன் நகரத்து கொரனேஷன் செங்கல் ஆலையில் ஏறக்குறைய 2,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். வாரக் கூலி அந்த நாட்டுப் பணத்தில் 9 ராண்டுகூடக் கிடையாது. 'பிரதிநிதிகளை அனுப்புங்கள், பேசலாம்' என்றது நிர்வாகம். ஒருவரும் போகவில்லை, முன்னால் போகிறவனுக்குத்தான் முதலில் சீட்டுக் கிழியும். அன்றைக்கு அது சரி. ஆனால் ஜெயித்ததைக் காப்பாற்ற முகம் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆளை உருவாக்கத்தான் பத்து வருஷம் பிடித்தது. சங்கம் ஆலையில் பாதிக்கு மேல் ஆள் சேர்த்துக்கொண்டுதான் நிர்வாகத்திடம் அங்கீகாரம் கேட்பது. ஒவ்வொரு பிரிவும் ஓட்டுப் போட்டுத் தன் சங்கப் பிரதிநிதியை, அதாவது ஷாப் ஸ்டூவர்டைத் தேர்ந்தெடுக்கும். சொல்லியனுப்பியதைத்தான் அவர் பேசவேண்டும், திரும்பிவந்து கணக்கு ஒப்பிக்கவேண்டும், சரியில்லை என்றால் மாற்றிவிடலாம். ஒருவரை உள்ளே தள்ளினால் அடுத்தவர் தயார். பிறகு ஒப்பந்தம்: காரணமில்லாத வேலைநீக்கம் கூடாது, சம்பளத்திலேயே சந்தாப் பிடித்தம். இந்தப் பிடித்தத்தில்தான் கண்ணி இருக்கிறது. நிர்வாகம் நிறுத்தினால் மறுமாதமே சங்கத்தின் கை காலி. கையால் வசூலித்தபோது மாதாமாதம் ஆளைப் பார்த்துப் பேசிய பழக்கமும் போய்விடும்.

1984 நவம்பர் 5, 6-இல் அன்றைய டிரான்ஸ்வால் மாகாணத்தில் மாணவர்களோடு சங்கங்கள் சேர்ந்தபோது லட்சக்கணக்கானோர் வேலைக்குப் போகவில்லை. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் சாசோல் கம்பெனி ஏறக்குறைய 6,000 பேரை வெளியே அனுப்பியது. மாணவர்கள் தனியாக அழைத்திருந்தால் இந்த அடியைத் தாங்க யார் இருந்திருப்பார்கள்?

வர்க்கம் மட்டும் போதும் என்று மூர்த்தி சொன்னால் 1922-ஐ ஞாபகப்படுத்து. ஜோஹன்னஸ்பர்க்கைச் சுற்றிய ராண்ட் தங்கச் சுரங்கப் பகுதியில் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியே தூக்கினார்கள். உலகத் தொழிலாளர்களே, வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காக ஒன்றுசேருங்கள் என்பது அவர்களுடைய கோஷம்.

என்னை உறுத்துவது 1987 ஆகஸ்ட் வேலைநிறுத்தம். மூன்று வாரம், ஏறக்குறைய 3 லட்சம் சுரங்கத் தொழிலாளர்கள். நின்றது சுரங்கம், ஆனால் அவர்கள் படுத்த கட்டிலும் சாப்பிட்ட சோறும் கம்பெனி ஹாஸ்டலில். வேலை போனால் அன்றே கூரையும் போகும், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிட்டத்தட்ட 50,000 பேருக்கு வேலை போயிற்று. நிறச்சட்டம் எங்கே முடிந்தது, முதலாளி எங்கே தொடங்கினான் என்று அந்த ஹாஸ்டல் வாசலில் நின்று பிரித்துக்காட்டு, செல்வம். பதில் எழுது.

உன்,
கதிர்