மருந்து ஏற்றியும் வெளுக்காத கட்டி

தருமபுரம்,
மாசி 5.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் போடாதது சோம்பலில் இல்லை. என் மனிசிக்கு நெஞ்சுக்குள் ஒரு கட்டி என்றார்கள். அது என்னவென்று தெரியும்வரை பேனை பிடிக்க மனம் வரவில்லை.

மார்கழி மழையில் பிடித்த இருமல் விடவேயில்லை. சயரோகமோ என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே எடுத்தது. "கட்டி மாதிரி ஒண்டு தெரியுது, யாழ்ப்பாணம் போய் சீ.ரீ. ஸ்கான் எடுங்கோ" என்று விட்டார்கள். பஸ் ஆனையிறவு தாண்டும்வரை அவள் வாய் திறக்கவில்லை. மனதுக்குள் தெல்லிப்பழை, மகரகம என்று புற்றுநோய் ஆஸ்பத்திரியெல்லாம் போய் வந்திருப்பாள். சீழ் வைத்தாலும் கட்டி, நீர் கோத்தாலும் கட்டி, புற்றுநோயும் கட்டி. நம் பாஷைமேல் அன்றைக்கு எனக்குக் கோபம்தான்.

டொக்டர் படத்தைக் கொம்பியூட்டரில் போட்டுக் காட்டினார். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டுக்குக் கீழே, பெரிய நெல்லிக்காயளவில் ஒரு உருண்டை. விளிம்பு வழுவழுவென்று இருந்தது. படத்தில் ஒவ்வொரு இடத்தின் அடர்த்திக்கும் ஓர் எண் உண்டாம்: தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. வெறும் நீர்ப்பை என்றால் 20க்குள் நிற்கும். இவளுக்கு 42. சதைக்கும் ஏறக்குறைய அந்த எண்தான் என்றார். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

மனிசன் அவசரப்படவில்லை. இரத்தம் ஓடும் இடங்களைப் படத்தில் வெளுப்பாகக் காட்டும் மருந்தை ஊசியில் ஏற்றிய பிறகு எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தார். சுற்றியுள்ள இரத்தக்குழாயெல்லாம் பளீரென்று வெளுத்திருக்க, கட்டி மட்டும் அதே 42. "உள்ளுக்க ரத்தோட்டம் இல்லை. புற்றுநோய் எண்டா பெரும்பாலும் மருந்தை இழுத்து வெளுக்கும். இது பிறவியிலேயே வந்த பை. உள்ள தண்ணி சளிபோலத் தடிச்சதாலதான் எண் கூட. சுவர் தடிச்சு, உள்ளுக்க முளை மாதிரி ஏதும் கிளம்பியிருந்தா யோசிச்சிருப்பன்."

காந்தத்தால் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தால் இன்னும் உறுதி, தண்ணீர் அதில் வெள்ளையாகத் தெரியும் என்றவர், "உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மாத்தளனில் 2009இல் முதுகில் ஏறிய ஷெல் துண்டு முள்ளந்தண்டுக்குக் கிட்ட அப்படியே கிடக்கிறதே! அந்தக் காந்தம் அதை அசைத்துவிட்டால்? எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றாகிவிட்டது. ஆடியில் திரும்பவும் சீ.ரீ. எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இருமல் நிற்காவிட்டால் வெட்டி எடுக்கலாமாம். அவளுக்கு அதில் இஷ்டமில்லை.

நாளைக்கு வயலுக்கு வெட்டு மெசின் வருகிறது. நீ கேட்ட மொட்டைக்கறுப்பன் நெல்லில் ஒரு மூட்டை எடுத்து வைப்பேன். சித்திரைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போ.

உன்
பழைய வாங்குத் தோழன்