இடிந்த முகாமின் பிள்ளைகள் கையில் கேமரா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலையொட்டி இருந்த, தமிழ்க் குடும்பங்களின் குடிசைப் பகுதியான மதராஸி முகாம், தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்கே நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்ற முதற்பட்டியலைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. ஒரே நாளில் வீட்டையும் தெருவையும் விளையாட்டுத் தோழர்களையும் இழந்த பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அந்தப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோர் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, எடுத்த படங்களைப் பற்றி அவர்களையே கூடிப் பேச வைத்தனர். ‘போட்டோவாய்ஸ்’ என்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. நம்மிடையே மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பழனிகுமார், உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக் கலையைக் கற்றுக்கொடுத்து வருகிறார்.

முகாமிலிருந்து சிதறிய சில பிள்ளைகளுக்கு விடுமுறை நாள்களில் பாடம் சொல்லித் தருபவள் நான். கைப்பேசியில் பிடித்ததை எடுத்துவரச் சொன்னபோது, இடிபாடுகளையே எடுத்துவருவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பையன் எடுத்து வந்தது, வாடகை அறைக்கு வெளியே, வைக்க இடமின்றி நடைவழியில் நின்ற மாவு கிரைண்டரை. அதைப் பார்த்ததும், அதில் யார் யார் வீட்டு மாவு அரைபட்டது, எந்தச் சந்தில் வரிசை நின்றது, கரண்ட் போனால் எங்கே ஓடினார்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்; அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி, தன் வீட்டை இடித்த நாளைப் பற்றிச் சொன்னதும் அப்போதுதான். ‘அன்று என்ன நடந்தது’ என்று நேராகக் கேட்டிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள்.

ஆனால் இதைக் கண்காட்சியாக்கி, ரிப்பன் வெட்டி, பிள்ளைகளின் முகங்களை வாட்ஸ்ஆப்பில் சுற்றவிடும் ஆர்வம் நம்மவர்களுக்கு வந்துவிடக் கூடாது. எந்தப் படத்தைக் காட்டுவது, எதை மறைத்து வைத்துக்கொள்வது என்பதை எடுத்த பிள்ளையே முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கவும் கூடாது. பேச்சும், பள்ளிக்கூட இந்தியில் அல்லாமல், வீட்டில் புழங்கும் தமிழில் நடக்கட்டும். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து போன பிள்ளைக்குப் படம் எடுப்பது மருந்தாகாது. அத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கு, அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம் என்பதைத் தெரிவிக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை, பழைய கைப்பேசிகளே போதும். ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கம் வாரம் ஒருமுறை ஓர் அறையைத் தந்து, நரேலாவிலிருந்து வரும் பிள்ளைகளின் பயணச் செலவையும் ஏற்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி