ஏழாம் குறிப்புக்கு விடை

பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு நீ அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: "கவலை". அதைப் பார்த்துவிட்டு அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது, உடனே போன் போடு என்றார். அது நான் அனுப்பிய குறுக்கெழுத்தில் ஏழாம் குறிப்புக்கு விடை என்று சொல்லி அவரைப் படுக்கவைக்கப் பத்து நிமிஷம் ஆனது.

விடை சரிதான். ஆனால் காலையில் "எப்படி?" என்று நான் கேட்டதற்கு, "முதல் கட்டத்துல 'க', கடைசியில 'லை' விழுந்திருந்தது. மனச்சுமைன்னா கவலைதானே" என்று பதில் போட்டிருந்தாய். அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குறிப்பை இன்னொரு தரம் படி: "கடல் முகப்பில் மீன் பிடிக்க உதவுவது தரும் மனச்சுமை (3)". படித்தவுடன் தேவனாம்பட்டினத்தில் யாரோ கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் வருகிறது அல்லவா? அந்தப் படம் உன் கண்ணை மறைக்கவேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். படத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுத்தை மட்டும் பார். 'கடல்' என்ற சொல்லின் முகப்பு 'க'. மீன் பிடிக்க உதவுவது 'வலை'. இரண்டையும் சேர்த்தால் கவலை, அடைப்புக்குள் சொன்னபடி மூன்று எழுத்து. 'மனச்சுமை' அதன் நேர்ப்பொருள். நேர்ப்பொருள் எப்போதும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. நீ அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டத்தை நிரப்பிவிட்டாய். மீதி ஆறு சொற்களும் எதற்கு வந்தன என்று நீ கேட்கவே இல்லை.

நான் தபால் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள். 607001 என்று எழுதியிருந்தால் கடிதம் கடலூருக்கு வந்துவிடும். ஆனால் அந்த ஆறு இலக்கத்தை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட முடியுமா? தெரு, கதவு எண், பெயர், இனிஷியல் எல்லாம் பொருந்தவேண்டும். குறுக்கே விழுந்த எழுத்து பின்கோடு மாதிரி. பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே எனக்கு மேலே இருந்த ஒரு சார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் பேப்பரை நாலாக மடித்து வைத்துக்கொண்டு போடுவார். நான் விடையைச் சொன்னால் தலையைக்கூட ஆட்டமாட்டார். வந்த வழியைச் சொன்னால்தான் பேனாவின் மூடியைத் திறப்பார். இந்தக் கட்டங்களின் கதையையும் அவர்தான் சொன்னார். 1913 டிசம்பர் 21ஆம் தேதி நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார். அது வெறும் பொருள் கேட்கும் புதிர். சொல்லைப் பிளந்து மறைத்து விளையாடும் வகை இங்கிலாந்தில்தான் வளர்ந்தது. அங்கே அப்சர்வர் பத்திரிகையில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் ஒருவர் போட்டார். அவருக்குப் பிறகு 1939இல் சிமெனீஸ் என்ற புனைபெயரில் மக்நட் என்ற பள்ளி ஆசிரியர் வந்தார். இரண்டு பேருமே ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திய பாதிரிமார்களின் பெயரைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டவர்கள். மக்நட் வகுத்த விதியை நான் இன்றைக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்: துல்லியமான நேர்ப்பொருள் வேண்டும், நியாயமான சொல்விளையாட்டு வேண்டும், வேறொன்றும் இருக்கக்கூடாது. அந்த மூன்றாவதுதான் கஷ்டம். குறிப்பு எழுதுகிறவருக்கும் சரி, அவிழ்க்கிறவருக்கும் சரி.

நீ விட்டுவிட்ட மூன்றாம் குறிப்புக்கு வருகிறேன். "படகு திரையேறி வருகையில் உள்ளே கனைப்பது (3)". படகுக்குள் யார் கனைத்தார்கள் என்று தேடியிருப்பாய். படகுக்குள் யாரும் இல்லை. 'படகு திரையேறி' என்ற எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஓட்டிப் படி. ப, ட, பிறகு கு, தி, ரை. குதிரை! திரை என்றால் அலை என்பது உனக்குத் தெரியும். இதை எழுதி முடித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம். முதலில் 'கரைக்குத் திரை' என்று தொடங்கிப் பார்த்தேன். நடுவில் 'த்' வந்து குதிரையின் காலை ஒடித்துவிட்டது. தமிழில் ஒற்று மிகும் இடத்தில் சொல்லை ஒளித்துவைக்க முடியாது. எழுத்துகளைக் கலைத்துப் போடுவதும் நமக்கு இங்கிலீஷ் அளவுக்குச் சுலபமில்லை. அவர்களுக்கு இருபத்தாறு எழுத்து, உயிர் தனியாக, மெய் தனியாக நிற்கும். நமக்கு 'லை' என்றால் 'லை'தான். அதிலிருந்து ஐகாரத்தைக் கழற்றி இன்னொரு எழுத்தில் மாட்ட முடியாது. ஆனால் அதனாலேயே நமக்கு ஒரு எழுத்து கிடைத்தாலும் பெரிய துப்பு.

கலைத்துப் போட்டது ஒன்றே ஒன்றுதான். "குழம்பிப்போன நகரம் பாவிகள் சேரும் இடம் (4)". நரகம் என்று உடனே போட்டுவிட்டாய். அதில் எனக்குத் திருப்தியில்லை. இரண்டு எழுத்து இடம் மாறியது, வேறு வேலை இல்லை. முந்திரி என்ற விடைக்கு எழுதிய குறிப்பும் அப்படித்தான், சுமார்: 'முந்தி'யோடு ஏரியின் கடைசி எழுத்து. பண்ருட்டியைச் சொல்ல ஆசை, அதனால் வைத்தேன்.

"ஈசனை அழைத்துத் திரும்பிப் படி (2)" என்பதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. கோவில் படியைப் பார்த்து நின்றுவிட்டாய் என்று நினைக்கிறேன். ஈசனை எப்படி அழைப்போம்? 'சிவா' என்று. அதைத் திருப்பினால் 'வாசி'. படி என்றது படிக்கட்டு இல்லை, புத்தகத்தைப் படி. இப்படித் திருப்பிப் பார்ப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்ததில்லை, தெரியுமா? இங்கிருந்து சிதம்பரம் தாண்டினால் சீர்காழி. அந்த ஊர்ச் சம்பந்தர் மாலைமாற்று என்று பதினொரு பாட்டு பாடியிருக்கிறார். 'யாமாமாநீ' என்று தொடங்கும். ஒவ்வொரு பாட்டையும் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்தாலும் அதே பாட்டுதான். ஒரே பாட்டில் பாம்பையும் வாழைப்பழத்தையும் பாடிய காளமேகமும் நம்மவர்தான். கட்டம் புதிது, விளையாட்டு பழையது.

பன்னிரண்டாம் குறிப்பை நீ விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. "மாதா கோவிலில் பூசை வைப்பவர், பாடலீஸ்வரர் கோவிலில் மரம் (3)". இதில் பிளப்பது, ஒளிப்பது எதுவும் கிடையாது. ஒரே சொல்லுக்கு இரண்டு நேர்ப்பொருள். பாதிரி! அந்தக் கோவிலின் தலமரம் பாதிரி. வடமொழியில் பாதிரிக்குப் பாடலம் என்று பெயர், அதனால்தான் சுவாமி பாடலீஸ்வரர். ஊரும் திருப்பாதிரிப்புலியூர். காலேஜுக்கு ரயில் ஏறப் போகும்போதெல்லாம் ஸ்டேஷன் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பாய். பலகையில் எழுத்து எழுத்தாக இருக்கிறது, நாம்தான் மொத்தமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். கரையேறவிட்டகுப்பமும் அப்படித்தான். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய இடம் என்று பெயரே சொல்கிறது. பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கும்போது யாருக்கு அது காதில் விழுகிறது?

நம் ஊர்ப் பெயருக்கும் ஒரு குறிப்பு எழுதினேன். "சமுத்திரம் அடுத்து மெல்ல நகர், நம் மாவட்டம் (4)". கடல், அதன் பிறகு ஊர். எறும்பு ஊர்வது போல ஊர். இதை நீ வழியோடு சரியாக எழுதியிருந்தாய், அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் உடனே, பழைய பெயர் கூடலூர், ஆறுகள் கூடும் ஊர், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். அது ஊரின் வரலாறு, இது சொல்லின் கணக்கு. இரண்டும் தனித்தனி என்று அவருக்குச் சொன்னேன். ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அவரும் உன்னைப்போலத்தான் தம்பி, விடை வந்தால் போதும் என்பார். நீ சின்ன வயதில் கணக்கு நோட்டில் விடையை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் மதிப்பெண் போய், அழுதுகொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் உன்னைத் திட்டினேன். இன்றைக்குத் திட்டவில்லை. நீ எந்த வழியாக வந்தாய் என்று தெரிந்தால், அந்த நிமிஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும் எனக்கு. புனேயில் நீ என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய் என்று போனில் கேட்டால் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாய். இதையாவது விவரமாகச் சொல்.

இதோ புதிதாக ஒன்று, உனக்காக எழுதியது:

"முகத்தில் கோடு இருந்தால் கடிதம் வந்து சேரும் (4)"

முதலில் 'அம்மாவின் முகத்தில்' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை, அடித்துவிட்டேன்.

விடையை மட்டும் அனுப்பாதே. ராத்திரியில் அனுப்புவதானால் என் எண்ணுக்கு அனுப்பு, அப்பாவை எழுப்பவேண்டாம்.

அன்புடன்,
அம்மா
மஞ்சக்குப்பம், கடலூர்