பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே அக்கா

சிங்கப்பூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இவன் என்ன கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும். போனில் நான் சொன்னது எதுவும் அவர் காதில் நிற்கவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. நீங்கள் சிங்கப்பூர் வருவதற்கு டூர்காரர் கொடுத்த பேக்கேஜ் நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நாலு இரவு, ஐந்து பகல். ஏசி சர்வீஸுக்காக ஏணியில் நின்றுகொண்டிருந்தவன், தொகையைப் பார்த்ததும் இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

அதில் போட்டிருக்கும் இடங்களையே எடுத்துக்கொள். மெர்லயன் சிலை, சிங்கத் தலையும் மீன் உடம்புமாக இருக்குமே அது. தண்ணீர் ஓரத்தில் அது பாட்டுக்கு நின்று வாயால் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது, போய்ப் பார்க்க ஒரு காசு வேண்டாம். பொட்டானிக் கார்டன். 1859இல் போட்ட தோட்டம், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, காலை ஐந்து மணியிலிருந்து நள்ளிரவுவரை சும்மா போய் வரலாம். உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் விளக்குக் காட்சி. அதுவும் இலவசம்தான். சைனாடவுன், லிட்டில் இந்தியா என்று வேறு போட்டிருக்கிறார். அதெல்லாம் தெரு அக்கா! தெருவில் நடந்து போவதற்கு நம்மிடம் பணம் கேட்கிறார்கள்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். நான் சொல்கிறபடி வாருங்கள்.

முதலில் தேதி. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து மே மாதம் நடுவில் வந்தால் நல்லது. ஜூன் பிறந்தால் இங்கே பள்ளிகளுக்கு விடுமுறை, மிருகக்காட்சிசாலையில் நிற்க இடம் இருக்காது. கார் பந்தயம் நடக்கிற சமயத்தில் ஓட்டல் வாடகை நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது. திருச்சியிலிருந்து நேரே விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம். மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் காசு. டிக்கெட் போடும்போதே ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு பெட்டிக்குக் கட்டிவிடுங்கள். போன தடவை நான் திரும்பி வரும்போது அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாயும் பொடியும் எடை கூடிப் போய், கவுண்டரில் கட்டிய பணத்துக்கு இங்கே ஒரு மாதம் ஊறுகாய் வாங்கித் தின்றிருக்கலாம். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

விசாவுக்கு அரசாங்கக் கட்டணம் ஆளுக்கு 30 வெள்ளி. (இங்கே நாங்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம்.) அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம்தான் போட முடியும், அவர்களுடைய கூலி தனி. பயணத்துக்கு முப்பது நாளுக்குள் போட்டால் போதும், இப்போதே ஓட வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்ல வேண்டும், அம்மாவுடையதை இன்றைக்கே எடுத்துப் பார். இங்கே வந்து இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்று ஒன்று இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கிற பக்கம் எதுவானாலும் அது போலி, மூடிவிடு. என் ரூம்மேட் ஒருவரின் அப்பா அப்படித்தான் நாலு பேருக்கும் கட்டி ஏமாந்தார்.

இனி ஓட்டல். இதில்தான் காசு போகும், இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது என் கணக்கு. என்னோடு தங்கலாமே என்று அம்மா கேட்டாள். நாங்கள் ஒரு வீட்டில் ஆறு பேர் படுக்கிறோம், விருந்தாளியை ராத்தங்க வைக்க ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். இணையத்தில் தனி வீடு சல்லிசாகக் கிடைக்கிறது என்று அத்தான் அனுப்பினாரே, அதைத் தொடவே வேண்டாம். இங்கே தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். அரசாங்க அடுக்குமாடி என்றால் ஆறு மாதம். பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய பிறகு கதவு திறக்காமல் போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

லிட்டில் இந்தியா, ஃபாரர் பார்க் பக்கம் சின்ன ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு அறை ஒரு ராத்திரிக்கு நூறு வெள்ளிக்கு மேல்தான் வரும், இரண்டு அறை எடுத்தாக வேண்டும். ஒரு விஷயம் கவனி. விலை மிகவும் குறைவாக இருந்தால் அது ஜன்னல் இல்லாத அறை. நம்ப மாட்டாய், நாலு பக்கமும் சுவர், விடிந்ததா இல்லையா என்று போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சர்வீஸுக்குப் போகும் ஓட்டல்களில் பார்த்திருக்கிறேன். அம்மா அதில் ஒரு ராத்திரி படுத்தால் மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிடுவாள். பத்து வெள்ளி கூடப் போனாலும் ஜன்னல் வைத்த அறை. பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது என்று முன்கூட்டியே ஓட்டலில் சொல்லிவிட வேண்டும். அந்தப் பேச்சை நானே நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

போக்குவரத்துக்குக் கவலையே வேண்டாம். டாக்ஸி எதற்கு, எம்ஆர்டி ரயிலும் பஸ்ஸும் போதும். தூரத்தைப் பொறுத்து ஒரு வெள்ளி சில்லறையிலிருந்து இரண்டரை வெள்ளி வாக்கில் முடிந்துவிடும். பயணக் கார்டு புதிதாக வாங்க வேண்டாம், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் பசங்களிடம் இரவல் சொல்லி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேர் தட்ட முடியாது. சின்னவன் 0.9 மீட்டருக்குக் கீழே இருந்தால் அவனுக்கு டிக்கெட்டே இல்லை, கதவு நிலையில் நிறுத்தி அளந்து சொல். அம்மா எஸ்கலேட்டருக்குப் பயப்படுவாள், இங்கே அது நம் ஊர் மாலில் ஓடுவதைவிட வேகம் வேறு. ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது. ரயிலுக்குள் மட்டும் எதுவும் தின்னக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 500 வெள்ளிவரை போகும். சின்னவன் கையில் முறுக்கைக் கொடுத்து ஏற்றிவிடாதே.

விமானம் நடு ராத்திரி இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நள்ளிரவிலிருந்து காலை ஆறுவரை டாக்ஸி மீட்டரில் பாதி கூடுதலாக ஏறும். விடியற்காலை இறங்கினால் முதல் ரயில்வரை ஏர்போர்ட்டிலேயே முகம் கழுவி உட்கார்ந்திருக்கலாம்.

சாப்பாடு. ஓட்டலில் காலை உணவு சேர்த்து எடுக்க வேண்டாம். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையில் இறங்கினால் இட்லி, தோசை, பரோட்டா எல்லாம் நம் ஆட்கள் கடைதான். டீயை இங்கே 'தே' என்பார்கள். ஏசி போட்ட ரெஸ்டாரண்டில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் உஷார்: பத்து சதவீதம் சர்வீஸ், அதற்கு மேல் ஒன்பது சதவீத ஜிஎஸ்டி. அங்காடிக் கடைகளில் அந்தத் தொல்லை இல்லை, போர்டில் இருப்பதைக் கொடுத்தால் போதும். மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் யாரோ விட்டுப் போனது என்று எடுத்துவிடாதே. இந்த இடம் என்னுடையது என்று துண்டு போட்டிருக்கிறார்கள். வந்த புதிதில் நான் ஒன்றை எடுத்து முகம் துடைத்துவிட்டேன், அந்தச் சீனப் பெரியவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தார். சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும், அத்தானுக்கு இதைச் சொல்லி வை. சீனர் சைவக் கடைகளும் உண்டு. ஆனால் சோயாவில் கோழி மாதிரியே, மீன் மாதிரியே செய்து வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை அம்மாவை அந்தப் பக்கம் அழைத்துப் போகப் போவதில்லை. பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வா.

எனக்கு மூன்று நாள்தான் லீவு கிடைக்கும், ஞாயிறு ஒன்று. அதனால் நாளை நெருக்கி அடைக்க வேண்டாம். பத்து மணி முதல் நாலு மணிவரை இங்கே வெயிலும் புழுக்கமும் கொன்றுவிடும், அப்புறம் ஒரு மழை கொட்டும். காலையில் ஒரு இடம், மதியம் அறையில் தூக்கம், சாயங்காலம் ஒரு இடம். அவ்வளவுதான்.

கார்டன்ஸ் பை த பேக்கு ராத்திரிதான் போக வேண்டும். இருபத்தைந்து முதல் ஐம்பது மீட்டர் உயரத்துக்கு இரும்பில் மரங்கள் நிற்கும், உடம்பெல்லாம் செடி படர்ந்திருக்கும். 7.45க்கும் 8.45க்கும் பாட்டுப் போட்டு விளக்கு ஆடவிடுவார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் என்பதால் எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார்கள். பெட்ஷீட் ஒன்று கொண்டு வா, அம்மாவையும் படுக்க வைத்துவிடலாம். கண்ணாடிக் கூடாரங்களுக்குத் தனி டிக்கெட், அது தேவையில்லை.

பாப்பா யூனிவர்சல் ஸ்டுடியோ கேட்கிறாள், தெரியும். பெரியவர் ஒருவருக்கே எண்பது வெள்ளியைத் தாண்டுகிறது. அம்மா எதிலும் ஏற மாட்டாள், சின்னவனை ஏற்ற மாட்டார்கள். அவர்கள் பெயர் போட்ட அந்தப் பெரிய உலக உருண்டை வாசலுக்கு வெளியில்தான் சுற்றுகிறது, அதன் முன்னால் போட்டோ எடுத்துத் தருகிறேன். அது இருக்கும் செந்தோசா தீவுக்கு நடைபாலம் வழியாகப் போனால் கட்டணம் கிடையாது, உள்ளே கடற்கரை டிராமும் இலவசம். யூனிவர்சலுக்குப் பதில் மிருகக்காட்சிசாலைக்குச் செலவு செய்வோம். பெரியவருக்கு ஐம்பது வெள்ளிக்குப் பக்கம் வரும், ஆனால் ஒரு முழு நாள் ஓடும். தலைக்கு மேல் கிளையில் ஒராங்குட்டான் கம்பி வேலி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். நடக்க முடியாதவர்களுக்கு டிராம் இருக்கிறது. ஆங் மோ கியோவிலிருந்து 138ஆம் நம்பர் பஸ்.

அத்தானுக்குப் பிடிப்பது எது என்று எனக்குத் தெரியும். சாங்கி படகுத்துறையிலிருந்து பூலாவ் உபின் தீவுக்குப் படகு, ஆளுக்கு நாலு வெள்ளி. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் எடுப்பார்கள், நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. அந்தப் பக்கம் காடு, கம்பத்து வீடு (கம்பம் என்றால் இங்கே கிராமம்), வாடகை சைக்கிள்.

கோயில் அம்மாவுக்கு. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் 1827இல் வந்து உட்கார்ந்தவள். சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன், கொஞ்சம் தள்ளிப் பெருமாள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விட வேண்டும்.

இன்னொன்று. கடையில் எதைப் பார்த்தாலும் ரூபாயில் எவ்வளவு என்று எழுபதால் பெருக்காதே. நான் முதல் வருஷம் பூராவும் பெருக்கினேன், ஒரு தே குடிக்க மனசு வரவில்லை. இங்கே நீங்கள் வந்து இறங்கியதிலிருந்து சாப்பாடு, பஸ், டிக்கெட் எல்லாம் என் பொறுப்பு. ஓவர்டைம் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். விமானமும் ஓட்டலும் நாம் பாதி பாதி. அத்தான் மறுத்துப் பேசினால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மட்டும் எந்த இடமும் போட வேண்டாம். நான் வாராவாரம் அம்மாவுக்குப் போன் பண்ணுகிறேனே, "பின்னால என்னப்பா சத்தம், சந்தையிலயா நிக்கிற?" என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாள். சந்தை இல்லை. லிட்டில் இந்தியா பக்கத்துப் புல்தரையில் நம் பசங்க ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உட்காரும் இடம் ஒரு மரத்தடி, பக்கத்தில் தெருவிளக்கு. அம்மாவை அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். நீ வேண்டுமானால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய் வா.

பாப்பாவுக்குப் பத்துக் காசு நாணயம் ஒன்று உள்ளே ஒட்டியிருக்கிறேன். அதில் தமிழில் 'சிங்கப்பூர்' என்று இருக்கும், கண்டுபிடிக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: பெட்டியில் கசகசா வைக்காதே, இங்கே அது தடை. அம்மாவின் வெற்றிலைப் பையில் புகையிலை இருந்தால் அதையும் வீட்டிலேயே எடுத்துவிடு. எடுத்ததை அவள் பார்க்க வேண்டாம், கிளம்புகிற நாளில் சண்டை எதற்கு.