பாப்பா எழுதாத ஆண்டறிக்கை

நம் சங்கத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாப்பாவின் அப்பா அம்மாவுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மூன்று ஆண்டும் இங்கே நின்று நான் வாசித்த அறிக்கைகளை எழுதியது நான் இல்லை. பாப்பா எழுதிக் கொடுப்பாள், நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பேன். கைதட்டல் மட்டும் எனக்கு. இந்த வருஷம்தான் நானே எழுதியிருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான விஷயங்கள்: பேருந்து நிறுத்தத்துக்கு விளக்கு வந்துவிட்டது. சுடுகாட்டுப் பாதைக்குக் கொடுத்த மனு மனுவாகவே இருக்கிறது. மாரியம்மன் பண்டிகைக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம்.

அப்புறம், குடிநீர். நம் தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஆகாது. பல் உருவாகிற வயதில் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறிவிடும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பாப்பாவுக்கும் அந்தப் பல்தான். சிரிப்பு வந்தால் துப்பட்டா நுனி வாய்க்குப் போய்விடும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் நம் பெரியவர்கள் விட்டார்களா? "ஆத்துத் தண்ணி சப்புன்னு இருக்குது, போர்த் தண்ணியிலதான் களிக்கு ருசி" என்றார்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று வேறு ஒரு பேச்சு. காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், புளோரைடு அப்படியே இருக்கும்.

பாப்பா வேதியியல் படித்த பிள்ளை, ஒரு சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். என் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தாள். கண்ணாடிக் குழாயில் எங்கள் போர்த் தண்ணீரை ஊற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ரோஸாக நிற்க வேண்டியது கண்ணெதிரே மஞ்சளாகிப் போனது. "பாத்துக்குங்க செயலாளர் மாமா" என்று சிரித்தாள். அன்றைக்கு மட்டும் வாயை மூட மறந்துவிட்டாள். அதோடு எங்கள் வீட்டில் போர்த் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாள். டெங்கு. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பறித்த தக்காளி வீணாகிறதே என்று தவித்த அவள் அப்பாவை, "நீ பாலக்கோடு மண்டிக்குப் போய்ட்டு வாப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பியவன் நான். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் இரவு தர்மபுரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். வயது 24.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரில்தான். ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராது, டிரம்மில் பிடித்து வையுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது நம் சங்கம். மூடி போடுங்கள் என்று சொல்லவில்லை. அவளைக் கடித்த கொசு எந்த டிரம்மில் பிறந்ததோ, யாருக்குத் தெரியும். ஆனால் எனக்கு இன்றுவரை தூக்கம் சரியில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டு டிரம்முக்கும் இறுக்கமான மூடி வாங்கித் தருவது, வாரத்தில் ஒரு நாள் டிரம்மைக் கவிழ்த்து உள்பக்கம் தேய்த்துக் கழுவுகிறார்களா என்று பார்ப்பது என்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். அவள் பெயரில் திறப்பு விழா, கல்வெட்டு எதுவும் வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்.

சோதனைப் பெட்டியில் மருந்து இன்னும் பாதி இருக்கிறது. பன்னிரண்டாவது படிக்கும் இரண்டு பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், கொடுத்துவிடலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பாப்பாவிடம் இருந்த ரசீதுப் புத்தகத்தை அவள் அப்பா போன வாரம் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி ரசீதில் என் பெயரை எழுதி, தொகை எழுதாமல் விட்டிருக்கிறாள். அந்தச் சந்தாவை நான் இன்னும் கட்டவில்லை என்பதையும் இந்த அவைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.