கறுப்பு உறையில் போகும் களிம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில், நாற்பதைத் தாண்டிய பெண்கள் சுருக்கம் போக்கும் களிம்புக்கும் ஊசிக்கும் பணத்தைக் கொட்டுவதாக வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வயதை ஏற்றுக்கொள்ளும் பக்குவம் இல்லாதவர்கள் என்று அது எங்களைக் கேலி செய்கிறது. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஏழே நாளில் இளமை தருவதாக ஒரு விளம்பரம் இருந்ததையும் கவனித்தேன். கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநர் நான், வயது 53. அந்தக் கேலியால் விளையும் கேட்டைத் தினமும் கண்ணால் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு வரும் ஆண்கள் தலைச்சாயத்தைப் பெயர் சொல்லி, உரக்கக் கேட்டு வாங்குவார்கள். மீசைக்கென்று சிறிய பாக்கெட் ஒன்றையும் சேர்த்துக்கொள்வார்கள். வயதை ஏற்காதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்களோ கடையில் கூட்டம் இல்லாத பிற்பகலாகப் பார்த்து வந்து, வாய் திறந்து கேட்காமல் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருக்கும் டியூபைக் காட்டுவார்கள். நாப்கினைப் போலவே அதையும் கறுப்பு உறையில் போட்டுத் தரச் சொல்வார்கள். “மாமியார் பார்த்தா, இந்த வயசுல இது ஒரு கேடான்னு கேப்பாங்கக்கா” என்று சென்ற மாதம்கூட ஒருவர் சொன்னார். அவர் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலையில் இருப்பவர். முகத்தில் வயது தெரியத் தொடங்கினால் முன்தளத்திலிருந்து கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் “நீங்க பொண்ணுக்குப் பாட்டியா?” என்று கேட்டுவிட்டதற்காக வந்தவரும் உண்டு. இவர்களைப் பக்குவமற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்களை எடைபோடும் தராசு எங்கே தொங்குகிறது என்று தெரிந்துகொண்டு, கையில் இருக்கும் நானூறு ரூபாய்க்கு ஒரு வழி தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

சிக்கல் அந்த ஒளிவுமறைவில்தான் இருக்கிறது. மறைத்துச் செய்ய வேண்டிய காரியம் என்று ஆகிவிட்டபின், மருத்துவரிடம் போய்க் கேட்க எப்படித் துணிவு வரும்? பக்கத்து வீட்டுக்காரர் போட்டு வெளுத்ததையே தானும் வாங்கிப் போடுவதில் முடிகிறது. எங்கள் ஊர்ப்பக்கம், கன்னத்தில் கருந்திட்டாகப் படியும் மங்குக்கென்று ‘மங்கு க்ரீம்’ என்ற பெயரில் விற்பனையாகும் டியூபுகள் பலவற்றில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் என்ற மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். மூன்றாவது, தோலின் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு. தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்போடு எழுதித் தரவேண்டிய இந்த மருந்தைப் பெண்கள் பவுடருக்கு அடியில் பூசும் அன்றாடக் களிம்பாக ஆண்டுக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் இரண்டு வாரங்களில் முகம் பளிச்சென்று ஆவது உண்மை. மாதங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் இழையோடும், பருக்கள் கிளம்பும், பூனைமுடி அடர்ந்து வளரும். நிறுத்தினாலோ மிளகாய் தேய்த்ததுபோல எரியும். அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதே டியூபுக்கு வருவார்கள். இந்த நிலைக்கு ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்ற பொருளில் தனிப்பெயரே சூட்டும் அளவுக்கு நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. டியூபின் அட்டையில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடு சீட்டு வேண்டிய மருந்து என்பதன் அடையாளமே. அந்தக் கோடு எதற்கு என்று இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்ட பெண்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இதில் எனக்கும் பங்குண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் மங்கு விழுந்தபோது, மருந்தின் பெயரும் குணமும் படித்துத் தேறிய நானே, கடையிலிருந்து அந்த டியூபை எடுத்து எட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் பூசினேன். தோல் மருத்துவரிடம் போனால், மருந்தாளுநராக இருந்துகொண்டு இப்படியா என்று கேட்பாரே என்ற கூச்சம்தான் காரணம். இன்றும் மே மாத வெயிலில் பத்து நிமிடம் நின்றால் என் கன்னம் தக்காளியாகச் சிவந்துவிடும். தொடக்க காலத்தில் சீட்டில்லாமல் பிறருக்கு எடுத்துக் கொடுத்த டியூபுகளுக்குக் கணக்கே இல்லை.

கட்டுரையாளர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். அவற்றுள் பயன் தருபவையும் உண்டு, பயனற்றவையும் உண்டு, ஆபத்தானவையும் உண்டு. சுருக்கத்தைத் தள்ளிப்போடச் சன்ஸ்கிரீனுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு இரண்டு விரல் நீளம், ஏறத்தாழ 1 கிராம் தேவை. அப்படியானால் 50 கிராம் டியூப் இரண்டு மாதம்கூட வரக் கூடாது. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு அது ஆறு மாதம் வருகிறது! ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) என்று எழுதியிருக்கும் சீரம் பலன் காட்டக் குறைந்தது மூன்று மாதமாகும், முதலில் தோல் உரியும், கருவுற்றவர்கள் தொடவே கூடாது என்பதையெல்லாம் விளம்பரங்கள் சொல்வதில்லை. போடாக்ஸ் ஊசி நெற்றித் தசையின் இயக்கத்தை மூன்று நான்கு மாதங்களுக்குத் தளர்த்தும். பிறகு மீண்டும் போட வேண்டும். சுருக்கத்தையும் குழியையும் நிரப்பத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் ஃபில்லர் தவறி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். அதை அழகு நிலைய நாற்காலியில் அமர்ந்து போட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை யாராவது அந்தப் பெண்களிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?

1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. சிவப்பழகு என்று நேரடியாகச் சொன்ன இடத்தில் இப்போது பொலிவு, இளமை என்ற சொற்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சொற்களால் பிழைப்பவர்களை விட்டுவிட்டு வாங்குபவர்களை மட்டும் இடித்துரைப்பது எளிது.

தங்கள் மகளிர் பக்கத்தில் ஒரு வாரமேனும் அந்தச் சிவப்புக் கோட்டின் படத்தைப் போட்டு, அதன் பொருளை விளக்கி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருப்பது எங்கள் பகுதிப் பெண்களுக்குத் தெரியும். தேமல், படை என்றால் தயங்காமல் போவார்கள். முகத்து மங்குக்கும் அங்கே போய்க் கேட்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு டியூபைத் தராமல், புறநோயாளிப் பிரிவுக்குப் போகும் விவரத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி வந்து ஒன்று கேட்டார்: “இந்த வயசுல இதுக்கா வந்தேன்னு டாக்டர் திட்ட மாட்டாரேக்கா?”

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கும்பகோணம்.